இரண்டாம் சுற்று

பிப்ரவரி. எல்பெ ஆற்றங்கரை ஊர்.
தீயணைப்பு நிலையத்து மாடிக் கூடத்தில்
நாற்காலி முதுகுகளில் ஈரக் கோட்டுகள் சொட்டுகின்றன.
வீப்கெ பலகையில் தோட்டத்தின் ஆண்டுக் கணக்கை எழுதுகிறாள்:
விதை, டீசல், இரண்டு பேர் சம்பளம்,
புயல் கிழித்த பசுமைக்குடிலுக்குப் புது பிளாஸ்டிக்.
கூட்டிப்போட்டு அடியில் இரண்டு கோடு இழுக்கையில்
சாக்பீஸ் உடைகிறது.

எழுபத்திரண்டு வீடுகள்.
வீட்டுக்குச் சராசரி மாதம் தொண்ணூற்று நான்கு யூரோ.
"சராசரி விலை இல்லை" என்கிறாள்.
"முடிந்ததை எழுதுங்கள். பெயர் வேண்டாம்."

முடிந்தது என்றால் இயன்றது.
முடிந்தது என்றால் தீர்ந்ததும்தான்.
செப்டம்பரில் அச்சகம் என் வேலை நேரத்தைப் பாதியாக்கியது;
என்னிடம் இருந்தது இரண்டாவது அர்த்தம்.

இதற்கு ஏலம் என்று பெயர்.
சுத்தியல் கிடையாது, கூவல் கிடையாது.
கோழித்தீவன ரசீதின் பின்பக்கத்தில்
முப்பத்தைந்து என்று எழுதினேன்,
பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சுக்கு மறைப்பதுபோல்
இடது கையை வளைத்து வைத்துக்கொண்டு.

ஹென்னிங்கின் கம்பளித் தொப்பியில் சீட்டுகள் விழுந்தன.
எண்ணினான். மறுபடி எண்ணினான்.
அறுநூற்றுப் பதினொன்று குறைகிறது.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ஒரு கைக்குழந்தை மட்டும்
எல்லோரையும் பார்த்தது.

இரண்டாம் சுற்று.
ஐந்தை எட்டாகத் திருத்தினேன்.
என்னால் ஆனது அந்த வளைவு.

நான்கு யூரோ மிச்சம் என்றான் ஹென்னிங்.
யாரோ விசிலடித்தார்கள்.
என் மூன்று அந்த மிச்சத்தில் சேர்ந்ததா,
அந்தப் பள்ளத்தில் விழுந்ததா, தெரியாது.

மே முதல், வெள்ளிக்கிழமை நான்கு மணி,
டோர்ட்டெ வீட்டுக் கார் ஷெட்.
சுவரில் ஒரு தாள்: ஒரு பங்கு என்பது
நூக்கல் இரண்டு, முள்ளங்கி ஒரு கட்டு,
கேரட் எண்ணூறு கிராம், மண்ணோடு.
தராசில் நானே நிறுத்து
எண்ணூற்று நாற்பது காட்டியதும்
ஒரு கேரட்டை எடுத்துத் திரும்ப வைத்தேன்.
மற்றவர்கள் வைக்கிறார்களா என்று பார்த்தேன்.

என் மீதியைக் கட்டுவது யார்?
வால்வோவில் வந்து முள்ளங்கியை முகர்ந்து பார்க்கும் நெட்டையனா?
பல் மருத்துவர் ஓஸ்டர்மையர் அம்மாளா?
கடன் கொடுத்தவர் ஒருவர் என்றால்
தெருவைக் கடந்து தப்பித்துவிடலாம்.
இங்கே எழுபத்தொன்று.
எல்லோருக்கும் வணக்கம் சொன்னேன்.
ஓஸ்டர்மையருக்கு மட்டும்
கூடையைத் தூக்கிக் காரில் வைத்தேன்.

ஜூனில் பதினொரு நிமிடம் ஆலங்கட்டி.
லெட்டூஸ் பாத்திகள் கிழித்துப்போட்ட கடிதங்களாய்க் கிடந்தன.
அந்த வாரப் பங்கு: தண்டு, கொஞ்சம் வெங்காயத்தாள்.
யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.
முப்பத்தெட்டு யூரோதானே என்று
எனக்கு மட்டும் குறைத்துப் பெய்யவில்லை.
முழுப் பங்கு. முதல்முறையாக.

நவம்பரில் லீக் பறிக்கும் சனிக்கிழமை.
விரல்கள் மரத்துப்போயின.
பக்கத்து வரிசையில் ஓஸ்டர்மையர் அம்மாள்,
வேரைப் பார்த்தபடியே,
கிளினிக்கை மூடிவிட்டதாகச் சொன்னார்.
போன பிப்ரவரியில் இருபதுதான் எழுதினேன் என்றார்.
பூட்ஸில் ஒட்டிய சேற்றைத் தட்டினார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் கூடையை வழக்கம்போலத் தூக்கினேன்.
சில வெள்ளிக்கிழமைகளில்
என் கேரட்டுகளை யார் சுமந்து தந்தார் என்பது
அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

மறுபடி பிப்ரவரி. அதே கூடம், அதே தொப்பி.
இந்த முறை ரசீது இல்லை, பழைய காலண்டர் தாள்.
அச்சகம் இன்னும் பாதி நேரம்தான்.
ஓஸ்டர்மையர் பென்சில் கேட்டார்.
பாதியாக உடைத்துக் கொடுத்தேன்;
கூர் அவர் பக்கம் போய்விட்டது.

அவர் எழுதி முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.
வீட்டில் டிசம்பர் பங்கின் செலரிக் கிழங்கு ஒன்று
ஜன்னலோரம் முளைவிட்டுக்கொண்டிருக்கிறது.
அதை என்ன செய்வதென்று கேட்க வேண்டும்,
இந்த எழுபத்தொரு பேரில் யாரையாவது.