பீங்கானின் முதுகு

உடைந்த வாஷ்பேசின் துண்டு,
தேவாலா ஆஸ்பத்திரிக் குப்பையில் எடுத்தது.
பளபளக்கும் பக்கம் எதற்கும் உதவாது.
முதுகைத் திருப்பு.
சொரசொரப்பில் கல்லை ஒரு இழுப்பு இழு.
கோடு மஞ்சளாக விழுந்தால் கடைக்குப் போகலாம்.
பச்சை கலந்த கறுப்பு என்றால்
அது கந்தகம் தின்ற இரும்பு,
கல்லுக்குள் சதுரம் சதுரமாக உட்கார்ந்துகொண்டு
தங்கத்தைவிடத் தங்கமாக மினுக்கும்.

ராசலிங்கம் இரவில் கொண்டுவருவது
சாக்கு நிறைய வெள்ளைக்கல்.
வெள்ளைக்காரன் கம்பெனி போட்டுத் தோண்டி
கடன்பட்டுக் கப்பலேறிய அதே சுரங்கம்.
பகலில் நான் பதினாறாம் நம்பர் மலையில் கொழுந்தெடுக்கிறேன்.
பொழுது சாய்ந்தால் இரும்பு உரலில் கல் குத்துகிறேன்.
குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும்,
உலக்கைப் பூணைத் தேய்க்கும்.
அதன் தூசி
என் நெஞ்சுக்குள்ளும் எதையோ கீறிக்கொண்டிருக்கிறது.
இருமலை எதில் உரசிப் பார்ப்பது?

மரவையில் தண்ணீர் சுழலச் சுழல
இலேசானதெல்லாம் விளிம்பேறிப் போய்விடும்:
மண், மைக்கா,
மேஸ்திரி காலையில் பேசிய பேச்சு.
கனமானது மட்டும் அசையாமல் கிடக்கும்.
கறுமணலைப் பிரிக்க,
பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம்.
காகிதத்துக்கு அடியில் காட்டினால்
கறுப்பு மொத்தமும் சிலிர்த்து எழுந்து நிற்கும்.
மிச்சம்
இமையில் ஒட்டிக்கொள்ளும் அளவு மஞ்சள்.
ஊசியால் அழுத்தினேன். குழிந்தது, உடையவில்லை.
பைரைட் என்றால் பொடிந்திருக்கும்.
சுத்தியல் பட்டால் அது பொறி பறக்கவிடும்,
தீபாவளிக்கு மறுநாள் தெருபோல் மணக்கும்.

பந்தலூரில் தெய்வசிகாமணி கடை.
படிக்கல்லைப் போட்டார்.
என் தட்டு மேலேயே நின்றது.
"பத்தாதேம்மா" என்றார்.
போன மாதமும் இதே சொல்.
முந்தானை முடிச்சில் எடுத்துவைக்க மறந்த காந்தம்.
குனிந்து பார்க்கப்போனேன், அவ்வளவுதான்.
பித்தளை என்று சொன்ன படிக்கல்
நாய்க்குட்டிபோல் ஓடிவந்து
என் முடிச்சில் ஒட்டிக்கொண்டது.

கடையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.
அவர் சிரித்தார்.
கடைவாயில் ஒரு பல் தங்கம். அது அசல்தான்.
வேறு இழுப்பறையைத் திறந்து
வேறு படிக்கல் எடுத்தார்.
அறுநூறு ரூபாய் கூடுதல்.
அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
அடுத்த முறையும் அங்கேதான் போகவேண்டும்.
மற்ற கடைகளில்
எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

லயத்து ஜன்னலில் ஒரு பைரைட் கட்டி வைத்திருந்தேன்,
அழகுக்கு.
ஆனியில் வியர்த்தது.
ஆடியில் வெடித்து, வெள்ளையாகப் பூத்து,
சுண்ணாம்புச் சுவரில் துருவாக வழிந்திருக்கிறது,
ஒரு சாண் நீளத்துக்கு.
துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

மழை விடட்டும், அப்புறம் இறங்கு என்றேன்.
ராசலிங்கம் வாசலில் நின்று
சாக்கை உதறிக்கொண்டிருக்கிறான்.