முப்பத்திரண்டில் இரண்டு

கிங்ஸ்டனிலிருந்து திரும்பும் வழி.
முன் இருக்கையில் கடம்.
பெல்ட் போடாவிட்டால் கார் கத்துகிறது,
ஆள் என்று நினைத்து.
வாரை இழுத்துப் பூட்டினேன்,
பிள்ளைத்தாய்ச்சிக்குப் பூட்டுவதுபோல்
வயிற்றுக்குக் கீழாக.

நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில்
பாதி மழை, பாதி பனி.
வைப்பர் போனால் தட்டு, வந்தால் வீச்சு.
ஆதி தாளம் என்று வைத்துக்கொண்டேன்;
அதற்கு ஆட்சேபணை இல்லை.

இன்றைக்குத் தனியில், என் முறையில்,
நான் போட்டது சின்னக் கணக்கு.
சுற்றுக்கு முப்பத்திரண்டு.
ஐந்தைந்தாய் ஆறு தடவை: முப்பது.
தகதகிட தகதகிட என்று
விரல் குதிரை ஏறிவிடும்.
மீதி இரண்டு.
அந்த இரண்டில் எதுவும் வாசிக்கக் கூடாது.
கையைத் தூக்கிக்கொண்டு
சும்மா இருக்க வேண்டும்.

இருக்கவில்லை.

பஸ் நிற்குமுன்னே குதித்தவள் மாதிரி
அரை எண்ணிக்கை முந்திச்
சமத்தில் இறங்கினேன்.
கௌசிகன் தொடையில் போட்ட தாளம்
எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தது.
நிமலன் மிருதங்கத்தில் ஒரு சாப்பு அடித்து
ஓட்டையை மூடினான்.
சனம் கைதட்டியது.
சங்கவி மட்டும்
வில்லை எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

இப்போது ஸ்டியரிங்கில் கட்டைவிரல் ஐந்தில்,
வைப்பர் நாலில்.
பெல்வில் தாண்டிச் சிக்னல் போட்டால்
அது வேறொரு நடையில் டிக்டிக்கென்கிறது.
மூன்றும் எங்கோ ஒரு கணம் சந்திக்கின்றன,
உடனே முன்பின் தெரியாதவர்கள்போல் பிரிகின்றன.

ஒரு பாரவண்டி கடந்தது.
கண்ணாடி முழுக்கச் சேற்றுப்பனி.
என் விரல் நின்றது. மூச்சும்.
வைப்பர் நிற்கவில்லை,
அவசரப்படவும் இல்லை.
போனது. வந்தது.
பிறகுதான் சாலை.

ட்ரென்டன் ஓய்விடத்தில் எஞ்சினை நிறுத்தினேன்.
எல்லாத் தாளமும் நின்றது.
கடத்தை மடிக்கு எடுத்தேன்.
குளிர்ந்துபோயிருந்தது. கோட்டைத் திறந்து
வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்.
கண்ணாடியைப் பனி மூடிக்கொண்டு வந்தது.

ஐந்து. ஐந்து. ஐந்து.
ஐந்து. ஐந்து. ஐந்து.
தூக்கிய கை.

அந்த இரண்டுக்குள் எவ்வளவு இடம்!
ஓர் ஆள் உள்ளே போய், காப்பி வாங்கி,
சர்க்கரை போட்டுக் கலக்கித்
திரும்பி வந்துவிடலாம்.

தொம்.

சரியாக விழுந்ததா? யார் சொல்வது,
தாளம் போட ஒருவரும் இல்லையே.
இரண்டாம் தடவையும் விழுந்தது என்றுதான் நினைக்கிறேன்.
மூன்றாவதில் மறுபடி முந்திவிட்டேன்.
அது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது:
பூட்சுக்குள் இடது குதிகால்
அதுவரைக்கும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது,
எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல்.

போன் ஒளிர்ந்தது. சங்கவி.
"வீட்டை போய்ச் சேர்ந்திட்டீரோ?"
கீழே இன்னொரு வரி:
"எனக்கு ரெண்டு தரவேணும் நீர்."

"தாறன்" என்று எழுதினேன்.
அனுப்புமுன்
விரலைத் தூக்கியபடி

ஒன்று

இரண்டு