டிரிப் ஷீட்

எண்பத்து மூன்று கிலோ.
ரிட்டயர் ஆன அன்றைக்கும் அதே,
ஒன்பது வருஷம் கழித்து இன்றைக்கும் அதே.
அயனாவரம் மருந்துக்கடை வாசலில்
காசு போட்டால் அட்டை துப்பும் மெஷினில்
மாதம் ஒருமுறை ஏறி நிற்பேன்.
அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன்
நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி.

ஊறுகாய் பாட்டில் திறக்கவில்லை,
மூடியைத் திட்டினேன்.
குளியலறையில் எழுவதற்கு வாளியைப் பிடித்தேன்,
டைல்ஸைத் திட்டினேன்.
ஜெபராஜ் மகள் கல்யாணத்தில்
பிளாஸ்டிக் நாற்காலி
நான் எழும்போது என்னோடேயே எழுந்து வந்தது.
எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
பூங்காவனம் மட்டும் சிரிக்கவில்லை.

கீழ்ப்பாக்கத்தில் டாக்டர் நஸ்ரீன்
அந்த அட்டைகளைப் பார்க்கவே இல்லை.
ஒரு இரும்புப் பிடியைக் கையில் கொடுத்து
"அழுத்துங்க, இன்னும், இன்னும்" என்றார்.
முப்பத்தொரு வருஷம் 29சி-யில்
டிரைவர் பிரேக் அடிக்கும்போதெல்லாம்
மேல்கம்பியைப் பற்றி
என்னையும் என்மேல் சாய்ந்த நாலு பேரையும்
விழாமல் நிறுத்திய கை இது.
முள் இருபத்தொன்றில் நின்றது.
இருபத்தெட்டாவது வேண்டுமாம்.

அப்புறம் கைகளை மார்பில் கட்டி
ஐந்து தடவை உட்கார்ந்து எழச் சொன்னார்.
நான்காவதில் முழங்கையைத்
தொடையில் ஊன்றினேன், திருட்டுத்தனமாக.
"அது செல்லாது சார்."
அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
நானே எத்தனை பேரிடம் பேசியது.
பதினெட்டு விநாடி.

ஸ்கேன் படத்தில் என் தொடை:
எலும்பைச் சுற்றிக் கொஞ்சம் சிவப்பு,
அதைச் சுற்றி எங்கும் மஞ்சள்.
"தசை குறைஞ்சிருக்கு, கொழுப்பு ஏறியிருக்கு.
ஒண்ணு இன்னொண்ண மறைச்சிடும் சார்.
ஒல்லியா இருந்தா வீட்ல கவலைப்படுவாங்க.
குண்டான ஆள்கிட்ட பலவீனத்தை யார் தேடுறாங்க?"
எங்கே கோடு போடுவதென்று
டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் வழக்கு நடக்கிறதாம்.
என் கோடு சந்தேகமில்லை என்றார்.

எனக்கு வேறு மாதிரிதான் புரிந்தது.
பெரம்பூரில் புறப்படும்போது அறுபது பேர்.
பெசன்ட் நகரில் எண்ணினாலும் அறுபது பேர்.
கணக்கு சரி, செக்கிங்கில் கையெழுத்து விழும்.
ஆனால் நடுவில், ஒவ்வொரு ஸ்டாப்பிலும்,
மூட்டை தூக்குகிறவன் இறங்கிப்போய்
உட்கார இடம் தேடுகிறவன் ஏறியிருந்தால்?
வண்டி நின்றுபோனால்
தள்ளுவதற்கு ஆள் இருக்காது.

ராத்திரி சாப்பாட்டை நிறுத்தட்டுமா என்றேன்.
வேண்டாம், பட்டினி போட்டால்
மிச்சமிருக்கும் மூட்டைக்காரனும் இறங்கிவிடுவான்
(இது என் வார்த்தை, அவர் சொன்னது புரதம்).
முட்டை, சுண்டல், மீன்.
நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும்,
காலையில் பத்து, மாலையில் பத்து,
நாற்காலியைச் சுவரோரம் போட்டு.

வீட்டுக்குத் திரும்பப் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன்.
எதற்கோ ஓட்டேரி ஞாபகம்.
ஏதோ ஒரு மழைநாள்,
நீலச் சேலை, பருத்த உடம்பு,
ஒரு கால் படியில், ஒரு கால் ரோட்டில்,
ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல்.
"சோத்தைக் குறைம்மா, வண்டிக்கு லேட் ஆவுது."
பஸ் முழுக்கச் சிரித்தது.
அந்தம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை,
கம்பியைப் பிடித்த தன் கையையே
பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் விசில் ஊதினேன்.

வண்டி வந்துவிட்டது.
படி இவ்வளவு உயரம் என்று
முப்பத்தொரு வருஷம் எனக்குத் தெரியாது.
வலதுகாலை வைத்தேன்.
கண்டக்டர் பையன், என் சர்வீஸைவிட வயது குறைவு,
விசிலை உதட்டில் வைத்தபடி
எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஊதவில்லை.