முழங்கால் உயரம்

வாதி கபீரில் மதியம் இரண்டரை.
மலைக்கல்லெல்லாம் சூட்டை வாங்கி
எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டிருந்த நேரம்.
வெள்ளை லேண்ட் குரூசர் ஒன்று
தெருமுனையிலேயே நின்றுவிட்டது.
பெயர் சுலைம். குரியாத்துக்காரர்.
உள்ளே எடுங்கள் என்றேன்.
சாவியை என் கையில் வைத்தார்:
நீயே எடு.

பின்னால் கேமரா வேண்டும், சென்சார் வேண்டும்.
விலை கேட்கவில்லை.
பேரம் பேசுகிறவர்களோடு பழகியவன் நான்,
விலை கேட்காதவரிடம் எனக்குக் கொஞ்சம் பயம்.

பம்பரில் மாஸ்கிங் டேப் ஒட்டி
பென்சிலால் நான்கு புள்ளி வைத்தேன்,
தரையிலிருந்து ஐம்பது சென்டிமீட்டர்.
டிரில் கடித்துத் துப்பிய வெள்ளை வட்டங்கள்
சில்லறைபோல உருண்டன.
குனிந்து ஒன்றைப் பொறுக்கிக்கொண்டார்.
பிறகு கையைத் தன் முழங்காலுக்குச்
சற்று மேலே நிறுத்தி,
அரபியும் இந்தியும் கலந்து கேட்டார்:
இவ்வளவு உயரம் இருந்தால்
இதற்குத் தெரியுமா?

எதன் உயரம் என்று நான் கேட்கவில்லை.

வயர் இழுக்க டிக்கியைத் திறந்தபோது
கம்பளிக்கு அடியில் கிடந்தது
மூன்று சக்கர சைக்கிள்.
மஞ்சள். முன்சக்கரம் அப்பளமாய் மடங்கி.
மணி மட்டும் அப்படியே.
என் முழங்கை பட்டு
ஒருதரம் கிணிங் என்றது.

பெயின்டர் குல்ஸமான் ஸ்பிரே கன்னை நிறுத்தினான்.
சுலைம் மலையைப் பார்த்தபடி சொன்னார்:
சைக்கிள் மட்டும்தான்.
அவன் தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தான்.
மூன்று கண்ணாடியும் பார்த்தேன்,
மூன்றிலும் சுவர்தான் இருந்தது.
ஒன்றுமில்லை, என்றார் மறுபடி,
நாங்கள் நம்பவில்லை என்பதுபோல.

நம்பர் பிளேட்டுக்கு மேலே கேமராவைப் பொருத்தி
வழக்கத்தைவிட ஒரு மயிரிழை கீழே சாய்த்தேன்.
திரையில் வானம் குறைந்து தரை கூடியது.
பச்சைக் கோடு, மஞ்சள் கோடு, சிவப்பு.

சோதிக்க ஆளை நிறுத்துவோம்.
குல்ஸமான்தான் நின்று சிகரெட் பிடிப்பான்.
இன்று அவன் நிற்கவில்லை.
பிரைமர் டப்பா இரண்டை
ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டு
தூரப் போய்விட்டான்.

ரிவர்ஸ் போட்டேன்.
ஷ்வய்ய, ஷ்வய்ய, என்றார் சுலைம்,
என்னிடமா என்று தெரியவில்லை.
டிட்.
டிட். டிட்.
டிட்டிட்டிட் என்று நெருங்கி
ஒரே நீளக் கம்பியாய் இழுத்துக்கொண்டது சத்தம்.
டப்பா அசையவில்லை.

மறுபடி, என்றார்.
மறுபடி.
எட்டாவது தடவை அவரே போய்
மேல்டப்பாவை எடுத்துவிட்டார்.
பின்னால் வந்தேன், வந்தேன்,
சென்சார் வாய் திறக்கவில்லை.
திரையில் மட்டும் நின்றது டப்பா,
சிவப்புக் கோட்டின்மேல், மூடி பளபளக்க.

பொய் சொல்லியிருக்கலாம்.
அர்பாப், உட்கார்ந்திருப்பது இதற்குத் தெரியாது.
படுத்திருக்கும் பூனை தெரியாது.
மணல்காற்று அடித்தால் கேமராவும் குருடு,
தினமும் கட்டைவிரலால் துடைக்கணும்.
அப்புறம்,
இறங்கிப்போய் ஒருதரம் பார்க்கணும்.

தலையாட்டினார்.
போதும் என்றா, போதாது என்றா,
இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இருபத்தெட்டு ரியால். எண்ணாமல் தந்தார்.
சைக்கிளை இறக்கி வைத்துவிடவா என்றேன்.
இருக்கட்டும்.

எங்கள் சந்து குறுகல்.
வந்த வண்டியெல்லாம் பின்னால் எடுத்துத்தான் திரும்பும்.
அவர் முன்னாலேயே போனார்,
டயர் கடை தாண்டி, ரேடியேட்டர் கடை தாண்டி,
குப்பைத்தொட்டி மேட்டில் ஏறி இறங்கி
மலையடிவாரம் சுற்றி மெயின் ரோட்டுக்கு.
பின்னால் எடுத்தால்தான் அந்தத் திரை விழிக்கும்.
வீடு சேரும்வரை
கறுப்பாகவே இருந்திருக்கும்.

குல்ஸமான் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வந்தான்.
மூடியைத் திறந்து
நெடுநேரம் கலக்கிக்கொண்டிருந்தான்.