இரண்டு மில்லிமீட்டர்

ஃபுஜைராவில் எங்கள் அச்சகத்துக்கு
வலைத்தளம் செய்யத் தெரியாது.
தெரியாது என்று சொல்ல
முதலாளி கல்ஃபானுக்குத் தெரியாது.
ஆகவே விசிட்டிங் கார்டும் கஃப்டீரியா நோட்டீசும் அடிக்கிற
அதே மென்பொருளில்
கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கம்பெனிக்கு
இருபத்தோரு பக்கத் தளம் ஒன்றை
ரமலானின் குறைந்த வேலைநேரத்தில்
செய்து கொடுத்தேன்.

காகிதத்தில் பட்டன் என்றால் படம்தான்.
அமுக்கினால் எங்கும் போகாது,
போகும் என்று யாரும் காத்திருப்பதும் இல்லை.
பதினொரு வருடம் அந்த நிம்மதியில் இருந்துவிட்டேன்.

இப்போது மெனு.
முகப்பு, மளிகை, குடிநீர், கயிறு, தொடர்புக்கு.

முதல் நாள் முகப்பு அறுந்தது.
ஆங்கிலத்தில் அதை வீடு என்கிறார்கள்.
வளைகுடாவில் இருப்பவள் இதை வைத்து
என்ன எழுதுவாள் என்று உங்களுக்குத் தெரியும்.
எழுதப்போவதில்லை.
கோப்பின் பெயரில் ஒரு இடைவெளி விழுந்திருந்தது.
எடுத்தேன். சரியாயிற்று.

மறுநாள் அரபிப் பக்கங்கள்.
எழுத்துகள் வலப்புறத்திலிருந்து வரிசை கட்டின,
இணைப்புகளோ இருந்த இடத்திலேயே இருந்தன.
மளிகையை அமுக்கினால் கயிறு,
கயிற்றை அமுக்கினால் அரிசி, பருப்பு, உறைந்த கோழி.
கட்டிங் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்த மொய்னுல்
"எத்தனை விசில் விட்டால் கயிறு வேகும், ஆபா?" என்றான்.
ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன்.
ஐந்தில் நடுவில் நின்றதால்
குடிநீர் மட்டும் தப்பித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ரோடெல் ஒரு குரல்செய்தி அனுப்பினான்.
அந்தக் கம்பெனியின் விற்பனைப் பையன்.
குரல் அவனுடையதில்லை,
வெளியே நங்கூரத்தில் நிற்கும் ஏதோ கப்பலின் சமையல்காரர்.
முக்கால்வாசி காற்று. மிச்சம் இந்தி,
ஓரங்களில் தெலுங்கு.
"குடிநீர் அமுக்குறேன் மேடம், வரமாட்டேங்குது.
நேத்துலேர்ந்து அமுக்குறேன்."

நானும் அமுக்கினேன்.
வரவில்லை.
இணைப்பை அழித்துப் புதிதாகக் கொடுத்தேன்,
பெட்டியையே அழித்து வரைந்தேன்,
மாஸ்டர் பக்கத்தைப் பிரதியெடுத்தேன்,
மென்பொருளை மூடித் திறந்தேன்,
தேநீர் குடித்தேன், அதுவும் ஒரு முறைதான்.
இருபத்தோரு பக்கத்திலும் குடிநீர்
நீல நிறத்தில் அழகாகச் செத்துக் கிடந்தது.

பிறகு எதற்கென்று இல்லாமல்
எல்லாவற்றையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்தேன்.
திரை முழுக்கச் சின்னச் சின்ன வட்டப் புள்ளிகள்.
கம்பெனியின் சின்னத்தைச் சுற்றி, நங்கூரம் அது,
நிறமில்லாத சட்டம் ஒன்று இருந்திருக்கிறது.
நான்தான் வரைந்திருக்கிறேன்.
இரண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கி
குடிநீர் மேல் படுத்திருந்தது.

ஒன்றின்மேல் ஒன்று பட்டால்
இரண்டையும் சேர்த்துப் படமாக்கிவிடும் இந்த மென்பொருள்.
படத்துக்குத்தான் எங்கும் போகத் தெரியாதே.

சட்டத்தை மேலே தள்ளினேன்.
இரவு பதினொன்று நாற்பதுக்குக் குடிநீர் திறந்தது:
கப்பலின் பெயர், கொடி, முகவர், கணக்கு எண்,
குறைந்தபட்ச அளவு ஐம்பது டன்.

ரோடெல் வழியாகத் திரும்பக் குரல்.
இம்முறை காற்று குறைவு.
"திறக்குது மேடம், நன்றி.
ஐம்பது டன்னு கேக்குது, நாங்க ஒன்பது பேர்தான்.
முகவர்னு இருக்கிற இடத்துல என்ன எழுத?
அவர் போன் எடுத்து நாலு மாசமாச்சு."

மூன்று முறை கேட்டேன்.
சட்டம் எதையும் தள்ளி
இதைச் சரிசெய்ய முடியுமா என்று தேடியது கை,
பழக்கம்.

ரோடெலை அழைத்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.
"என் நம்பர் போடு, கம்பெனி நம்பர் வேண்டாம்.
சனிக்கிழமை ஒரு படகு அந்தப் பக்கம் போகுது."

ரசீதில் மெனு திருத்தம், எழுபத்தைந்து திர்ஹம்
என்று மட்டும் எழுதினேன்.
படிவத்தின் அடியில் நான் வைத்த பெட்டிக்கு விலையில்லை:
குறைவாகத் தேவைப்பட்டால் அழைக்கவும்,
எட்டுப் புள்ளி எழுத்தில், சாம்பல் நிறத்தில்,
கல்ஃபான் கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில்,
எதன்மேலும் படாமல்
நாலு பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் விட்டு.