கரைவரிகள்

வெள்ளி இரவு, பேராதனைக்குப் போகும் பஸ்.
மடியில் பழைய துவாயில் சுற்றிய பாரம்.
கந்தளாய் தாண்ட, பக்கத்து சீட்டுக்காரி
மெல்லக் கேட்டாள்: பிள்ளையா?
தண்டு, என்றேன். புரொப்பெல்லர் தண்டு.
அவள் யன்னல் பக்கமாய் ஒதுங்கினாள்.

கொட்டியாரக் குடாவில்
தாஜுதீன் காக்காவின் போட் முறித்துப்போட்டது.
"ஒடஞ்சா ஒடஞ்சதுதான் தங்கச்சி,
ஏன் ஒடஞ்சதெண்டு சொல்லவும் ஒரு பட்டமா?"
கேட்டுவிட்டு, மற்றப் பாதியையும் தந்தார்,
காசு வாங்காமல்.

முறிந்த முகத்தில் வளைவு வளைவாய்க் கோடுகள்.
பாடத்தில் அதற்குப் பெயர் கரைவரி.
உப்புவெளியில் அலை திரும்பும்போது
மணலில் விட்டுப்போகும் அதே வரி.
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே
எத்தனை முறை கடலுக்குப் போயிருப்பார்?
எண்ணிக்கொண்டே போனால்
சாவிக்குழியின் மூலையில்
நகக்கண் அளவு கறுப்பு.
அங்கேதான் தொடக்கம்.

காற்றில் உருக்குக்கு ஓர் எல்லை உண்டு;
அதற்குக் கீழே
எத்தனை கோடி தரம் சுழன்றாலும் முறியாது.
உப்புநீரில் அந்தக் கோடு
தட்டையாவதே இல்லை.
இதை எழுதிய பக்கத்தில் எண்ணெய் விரலடையாளம்.
ஐஸ் ஃபக்டரி, இரவு ஷிப்ட்,
கொம்பிரசர் பக்கத்தில் படித்தது.

"ஒரே ஒரு மாதிரியா?" என்றார் பேராசிரியர்.
இன்னும் பதினொன்று வேண்டுமாம்.

திங்கள் விடிய, திருகோணமலை பஸ் நிலையம்.
மானொன்று துவாயை முகர்ந்து
இரும்பென்று தெரிந்து விலகுகிறது.
தாஜுதீன் காக்காவை அழைக்கிறேன்:
வேறு யாருக்கும் தண்டு முறிந்ததா?

சிரிப்பு. பிறகு மோட்டர்ச் சத்தம் மட்டும்.
பிறகு,
"என்ட புதுசு எத்தன நாளைக்கு, தங்கச்சி?"