சல்லடைக் கண்

விக்டோரியா தெருச் சந்தையில் என் கடை.
இருபத்தாறு வருடமாக மிளகாய்த்தூள் சலிக்கிறேன்.
காரம் பார்ப்பது நாக்கு,
சாட்சி சொல்வது எச்சில்.
தூளைத் தொட்டு வைத்ததும்
கன்னத்துக்குள் ஊறினால் சரக்கு சுத்தம்.

ஊறும்போதெல்லாம் காதடியில் சுருக்கென்றது.
பல்வலி என்று கிராம்பு அடக்கினேன்.
புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி,
மூன்று வருடம் என்னோடு சாட்ஸ்வொர்த் பஸ்ஸில்
டிக்கெட் இல்லாமல் வந்து போனது.

டாக்டர் குஸ்வாயோ என் வாடிக்கைதான்,
மாதம் அரைக் கிலோ மாமியார் மசாலா.
அன்று மேசைக்கு அந்தப் பக்கம் அவர்.
திரையில் ஊதா நிறத்தில் உயிரணுக் கூட்டம்,
நடுநடுவே வட்ட வட்டமாய் ஓட்டை.
"இது என் சல்லடை" என்றேன்.
சிரிக்கலாமா என்று ஒரு கணம் பார்த்தார்.
"நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம்."

அடினாய்டு சிஸ்டிக்.
என் கடைப் பில்லின் பின்பக்கம் எழுதித் தந்தார்.
பெயர் வாயில் நிற்கவில்லை, குணம் நின்றது:
அவசரப்படாது.
நரம்பைக் கண்டால் அதை ஒட்டியே நடக்கும்,
கடைசி ரயிலைத் தவறவிட்டவன்
தண்டவாளத்தோரம் வீடு திரும்புவதுபோல.
வெட்டி எடுத்த பிறகும்
பத்து வருடம், பதினைந்து வருடம் கழித்து
நுரையீரலில் வந்து தட்டலாம்.
தட்டாமலும் போகலாம்.

"கடன்காரனுக்குக்கூட இத்தனை பொறுமை கிடையாது"
என்றார் என் வீட்டுக்காரர் தேவபாலன்,
கார் சாவியைத் தேடிக்கொண்டே.
சாவி அவர் கையில்தான் இருந்தது.

முக நரம்பும் கத்தியோடு போனது.
இப்போது இடது பக்கம் தனி ஆள்.
நான் சிரித்தால் வேடிக்கை பார்க்கும்,
நான் தூங்கினால் விழித்திருக்கும்.
ராத்திரி அந்த இமைக்குப் பிளாஸ்திரி ஒட்டுகிறார்
தபால்தலை ஒட்டுகிற பையன்போல
நாக்கைக் கடித்துக்கொண்டு.

முப்பத்து மூன்று நாள் கதிர்.
வாய் இப்போது கரூ பாலை.
கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில்.

கடை ஒப்பந்தம் முடிகிற மாதம்.
ஐந்து வருடமா பத்தா என்று கேட்டார்கள்.
பத்து என்றேன்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஒரு பையன் வந்தான்.
"ஆன்ட்டி, இது எவ்வளவு காரம்?"
என் விரல் பழக்கத்தில் என் உதடு வரை போனது.
திருப்பி அவன் உள்ளங்கையில் தட்டினேன்.
நக்கினான். காது சிவந்தது,
மூக்கு ஒழுகியது,
பேச வாயெடுத்து
எச்சிலை விழுங்கினான், மறுபடி விழுங்கினான்.

எவ்வளவு ஊறுகிறது அவனுக்கு!

கால் கிலோ நிறுத்து,
ஒரு கை அதிகமாகவே அள்ளிப் போட்டேன்.